நடிப்பு சொல்லிக்கொடுத்தவர் போய்விட்டார், அவருக்காக என்ன செய்யலாம்?

ஒரு தொலைக்காட்சி நடிகர் இறந்துபோனால் செய்தியில் வருவது பெரும்பாலும் அவர் இளமையில் போட்ட ஒரு வேடம்தான். அதே பழைய புகைப்படம், அதே தொடரின் பெயர், கடைசியில் "பிற்காலத்தில் நாடகப் பயிற்சி அளித்து வந்தார்" என்று ஒரு வரி. எங்கள் சாருக்கும் அதுதான் நடந்தது. நாலு வருடம் ஓடிய தொடருக்கு எட்டு பத்தி, இருபத்திரண்டு வருடம் எங்களை நிற்கவும் நடக்கவும் பேசவும் பழக்கியதற்கு ஒரு வரி. படித்தபோது கோபம் வந்தது. ஆனால் எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, தொடர் பதிவாகியிருக்கிறது, வகுப்பு பதிவாகவில்லை. தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்லாவிட்டால் அந்த இருபத்திரண்டு வருடம் இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

அதனால் உங்கள் ஆசிரியருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால், வகுப்பை முன்னால் வையுங்கள். தொடரை மறைக்க வேண்டாம், அதுவும் அவர் உழைப்புதான். ஆனால் அதை நினைவில் வைத்திருக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

முதல் வாரம்

முதல் வாரத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். மாணவர்களில் ஒருவர் மட்டும் குடும்பத்தோடு பேசட்டும். பத்து பேர் பத்து யோசனையோடு போனால் துக்கத்தில் இருப்பவர்கள் பத்து பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். போகிறவர் மூத்த மாணவராக இருக்க வேண்டும் என்றில்லை, கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: எந்தப் பெயரில் குறிப்பிடுவது (திரைக்கு ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருக்கும்), எந்தப் படத்தைப் போடுவது, நோயைப் பற்றி வெளியே சொல்லலாமா கூடாதா. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாணவர் ஒருவர் பாசத்தில் எழுதிவிடுகிற ஒரு வரி வீட்டில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கில் வலிக்கும்.

இன்னொன்று, இதற்கு அவசரம் இல்லை போலத் தெரியும், ஆனால் கெடு இருக்கிறது. சாரின் கூகுள் கணக்கில் வகுப்புக் குறிப்புகளோ ஒத்திகைப் படங்களோ இருந்தால் குடும்பத்திடம் சொல்லிவையுங்கள். இரண்டு வருடம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை, உள்ளே இருப்பதோடு சேர்த்து நீக்கிவிடலாம் என்பது கூகுளின் விதி. ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லிக் குடும்பத்தார் கேட்கலாம், ஆனால் மாற்றிய பிறகு யாரும் அதற்குள் நுழைய முடியாது. எடுத்துவைக்க வேண்டிய படங்கள் இருந்தால் அதற்கு முன்னாலேயே யோசித்துக்கொள்ள வேண்டும்.

நினைவுகளைக் கேட்கும் விதம்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "சாரைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்புங்கள்" என்று குழுவில் போட்டால் மாமனிதர், ஈடுசெய்ய முடியாத இழப்பு, என்றும் எங்கள் நெஞ்சில் என்றுதான் வரும். எழுதுகிறவர்கள் மனதாரத்தான் எழுதுகிறார்கள், நாம் கேட்ட கேள்வி அப்படி. நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம். நாற்பது பேர் எழுதினார்கள், நாற்பதையும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன், ஒன்றிலும் அவர் இல்லை. எந்த ஆசிரியருக்கும் பொருந்துகிற வார்த்தைகள்.

அப்புறம் கேள்வியை மாற்றினோம். அவர் சொன்ன எந்த வார்த்தையை இன்றைக்கும் ஒத்திகையில் நீங்கள் சொல்கிறீர்கள்? உங்களை எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி செய்யச் சொன்னார்? எதற்குத் திட்டினார்? வசனம் மறந்து நீங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது அவர் என்ன செய்தார்? இப்படிக் கேட்டதும் ஆள் வர ஆரம்பித்துவிட்டார். ஒருவர், தான் அழுது நடித்த காட்சியைப் பார்த்துவிட்டு சார் "நீ அழுதுட்ட, சரி, இப்ப நான் எதுக்கு அழணும்?" என்று கேட்டதை எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் ஒரு மாதத்துப் பாடம் இருக்கிறது.

முடிந்தவரை எழுத்தில் வாங்காதீர்கள், வீடியோவில் எடுங்கள். நடிப்புப் பாடத்தில் பாதி உடம்பில் இருக்கிறது. எங்கள் சார் யாருக்காவது தோள் இறுகியிருந்தால் வாயால் சொல்ல மாட்டார். பக்கத்தில் வந்து, தோளைத் தொடாமல், ஓர் அங்குலம் மேலே ஒரு விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்குவார். தோள் தானாக இறங்கும். ஆறு மாணவர்களைத் தனித்தனியாகப் படம்பிடித்தோம், வெவ்வேறு வருடத்துக்காரர்கள், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. ஆறு பேரும் பேச்சுக்கு நடுவில் அதே விரலை அதே உயரத்தில் வைத்துக் காட்டினார்கள். வந்த நாற்பது கடிதத்தில் ஒன்றில்கூட அந்த விரல் இல்லை.

படம்பிடிக்கப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம், கைபேசி போதும். குரல்தான் முக்கியம், அதனால் கைபேசியைப் பேசுகிறவருக்கு இரண்டு மூன்று அடிக்குள் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், படுக்கைவாட்டில் எடுங்கள், கைகள் தெரியும்படி எடுங்கள். ஆரம்பத்திலேயே அவர் பெயரையும் எந்த வருடத்து மாணவர் என்பதையும், இதைப் பொதுவில் காட்டச் சம்மதமா என்பதையும் கேமராவைப் பார்த்தே சொல்லச் சொல்லிவிடுங்கள், பின்னால் குழப்பம் வராது. பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். ஐந்து விநாடி சும்மா இருங்கள். சொல்ல வேண்டியதை அந்த ஐந்து விநாடிக்குப் பிறகுதான் நிறைய பேர் சொல்கிறார்கள்.

யாரைக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். பேர் வாங்கிய மாணவர்களை எல்லோருமே தேடிப் போவார்கள். பாதியில் விட்டுப்போனவர்களைத் தேடுங்கள், நடிப்பை விட்டு வேறு வேலைக்குப் போனவர்களைத் தேடுங்கள். கூட நடித்தவர்கள், ஒப்பனை போட்டவர், ஒலிப்பதிவு செய்தவர் இவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: அவர் ஏன் படப்பிடிப்பை விட்டு வகுப்புக்குப் போனார்? வாய்ப்பு குறைந்ததா, உடம்பு ஒத்துழைக்கவில்லையா, சொல்லிக்கொடுப்பதில்தான் ருசி கண்டாரா, பெரும்பாலும் எல்லாம் கலந்துதான் இருக்கும். அதைக் கலந்தபடியே எழுதுங்கள். "புகழைத் துறந்து சேவைக்கு வந்தார்" என்று ஆக்கினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது அவர் இல்லை.

பழைய நோட்டுப் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள், கிறுக்கல்களையும் சேர்த்து. 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, நடிப்புப் பயிற்சியைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது அதை ஒரு மாணவன் எழுதும் நாட்குறிப்பாகத்தான் எழுதினார். ஆசிரியர் இதைச் சொன்னார், நான் இப்படிச் செய்தேன், தப்பாகப் போனது, மறுபடி செய்தேன் என்று போகும். விதியாக எழுதினால் உயிர் போய்விடுகிறது, நடந்ததாக எழுதும்போதுதான் பாடம் பாடமாக இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் நோட்டில் "இன்று திரும்பவும் நடை. நாலு முறை. போதாது என்றார்" என்று இருந்தால் அதை அப்படியே விடுங்கள், திருத்தி எழுதாதீர்கள்.

ஒரு பயிற்சிக்கு அவர் பெயர்

சேகரித்ததை எல்லாம் வைத்துக்கொண்டு தேட வேண்டியது, அவருக்கென்றே இருந்த ஒரு பயிற்சி. அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மைஸ்னர் என்ற ஆசிரியர் இருந்தார். நடிகராக ஆரம்பித்தவர். புற்றுநோயால் குரல்வளையை எடுத்த பிறகும் வேறு விதமாகப் பேசப் பழகி, ஒலிவாங்கியை வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தவர். 1997-இல் இறந்தார். இன்றைக்கு அவர் எந்த நாடகத்தில் நடித்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் சொன்னதையே மற்றவர் திருப்பித் திருப்பிச் சொல்லும் அந்தப் பயிற்சி உலகம் முழுக்க நடக்கிறது, அவர் பெயரோடு நடக்கிறது.

எங்கள் சாருக்கு அது நாற்காலி. நாம் காட்சியை நடிக்கும்போது அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். பார்க்கவே மாட்டார். காது மட்டும்தான். முகத்தை வைத்து ஒப்பேற்றினால் அவருக்கு எதுவும் போய்ச் சேராது. நம்பும்படி இருந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பார், திரும்பாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சின்னத்திரையில் அவர் முகத்தை அவ்வளவு அருகில் காட்டிக் காட்டித்தான் அவருக்கு இந்த யோசனை வந்திருக்க வேண்டும். இதை நாங்கள் ஒரு பக்கத்தில் எழுதினோம்: எத்தனை பேர், நாற்காலி எங்கே, எப்போது நிறுத்துவது, ஆசிரியர் எதைக் கேட்க வேண்டும். மேலே அவர் பெயர். பார்க்காதவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு வகுப்பில் நடத்த முடிகிறதா என்று சோதித்தும் பார்த்தோம். இரண்டு இடத்தில் புரியவில்லை என்றார், அதை மாற்றி எழுதினோம். நீங்களும் அப்படி ஒன்றைச் செய்யுங்கள், மற்ற எதற்கும் நேரம் கிடைக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

தொலைக்காட்சியில் செய்தவை

இதில் முதல் வேலை பட்டியல். தொடரின் பெயர், வருடம், வேடத்தின் பெயர், இயக்குநர். ஒரே ஒரு வாரம் வந்துபோன வேடமும் பட்டியலில் இருக்கட்டும்.

அடுத்தது பதிவுகள். நிலையத்தில் எல்லாம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். வீடியோ டேப் 1956-இல் வந்தபோது விலை அதிகம், அதனால் ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு ஒன்றைப் பதிவது வழக்கமாகிவிட்டது. பிபிசியே 1970கள் வரை அப்படி நிறைய அழித்தது. 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ மாதிரி அவ்வளவு புகழ்பெற்ற தொடரிலும் பல அத்தியாயங்கள் காணாமல் போயின. 2013-இல் அவற்றில் ஒன்பது நைஜீரியாவில் ஒரு நிலையத்தில் கிடைத்தன. அப்படியென்றால் உங்கள் ஆசிரியர் நடித்த ஒரு காட்சி யாரோ ஒரு ரசிகர் வீட்டுப் பரணில் வீட்டு டேப்பாகக் கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கிடைத்தால் தயவுசெய்து உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். நாங்கள் செய்த தப்பு அது. சாரின் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு விஎச்எஸ் டேப் கிடைத்தது, ஓரத்தில் வெள்ளையாக இருந்ததைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் போட்டோம். அது பூஞ்சணம். டேப் இயந்திரத்தில் சிக்கிக் கசங்கி, பதினோரு நிமிடம் போய்விட்டது. அவர் எதிரில் இருக்கும் நடிகர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கும் ஒரு காட்சி அதில் இருந்தது என்று அவர் மகள் சொன்னார். டேப்பில் வெள்ளைப் படலமோ புளித்த வாசனையோ இருந்தால் டிஜிட்டலுக்கு மாற்றித் தருகிற ஆட்களிடம் கொடுங்கள், அதுவரை நிமிர்த்தி நிற்கவைத்து, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மாற்றிய கோப்பை மூன்று பிரதியாக வையுங்கள், அதில் ஒன்று வேறு ஒரு வீட்டில் இருக்கட்டும்.

காட்சியின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ நிலையத்திடமோ இருக்கும், நடிகரின் குடும்பத்திடம் இருக்காது. பொதுக்கூட்டத்தில் போடவோ இணையத்தில் ஏற்றவோ நினைத்தால் முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வாழ்க்கைக் குறிப்பு

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே அவர் நடிகர், ஆசிரியர் என்று இரண்டும் வரட்டும், எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தார் என்பது எண்ணாக வரட்டும். பிறந்த தேதி, படித்த இடம் இதையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதாமல் வீட்டில் ஆவணத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒருமுறை தப்பாகப் போனால் எல்லோரும் அதையே எடுத்துப் போடுவார்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுத ஆசை வரும். நெருங்கியவர்கள் தாங்களே எழுதுவதை அங்கே விரும்புவதில்லை, வெளியார் எழுதி அச்சான சான்றும் கேட்பார்கள். ஏற்கெனவே பக்கம் இருந்தால் அதன் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம் அது) நீங்கள் யார் என்று சொல்லிவிட்டு, சான்றோடு திருத்தம் கேட்பதுதான் சரி. படம் ஏற்றுவதானால் எடுத்த புகைப்படக்காரரின் அனுமதி வேண்டும், படத்தில் இருப்பவர் நம் சார் என்பது போதாது.

கூடும் நாள்

பெரிய அரங்கம் பிடிக்காதீர்கள், அவர் வகுப்பு எடுத்த அறை கிடைத்தால் அதுவே போதும். இடம் போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றாலும் பரவாயில்லை. பேசுகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம், அதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஒருவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். பிரபலமான ஒருவர் வந்தார் என்பதற்காக அவருக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தால் மற்றவர்கள் அவரவர் கதையை விழுங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தொலைக்காட்சிக் காட்சி ஒன்றே ஒன்று போடுங்கள், ஆரம்பத்தில் போட்டுவிடுங்கள். கடைசியில் போட்டால் எல்லோரும் அந்த வேடத்தோடு வீட்டுக்குப் போவார்கள்.

1952-இல் மேடை நடிகை ஜெர்ட்ரூட் லாரன்ஸ் இறந்தபோது நியூயார்க் பிராட்வே அரங்குகளில் விளக்கை மங்கவைத்தார்கள். அவரும் கடைசி நாட்களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடிப்பு சொல்லிக்கொடுத்தவர். இன்றும் பிராட்வேயில் நாடகத்தோடு தொடர்புள்ள பெரியவர்கள் இறந்தால் ஒரு நிமிடம் வெளிவிளக்கு மங்கும். உங்கள் அறையில் இருப்பது இரண்டு குழல்விளக்காக இருந்தாலும் அதை ஒரு நிமிடம் அணைக்கலாம். அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் எல்லோரும் எழுந்து கைதட்டுங்கள், நிறுத்தத் தோன்றும்வரை தட்டுங்கள்.

நாங்கள் அன்றைக்கு ஒரு வகுப்பே நடத்தினோம். நாற்காலியை அவர் போடுகிற இடத்தில், திருப்பிப் போட்டுவைத்தோம். மூன்று ஜோடிகள் அதன் முதுகைப் பார்த்து காட்சியை நடித்தார்கள். குடும்பத்தாருக்கு எதற்கு நாற்காலி திரும்பியிருக்கிறது என்று புரியவில்லை, சார் மகள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், அவர் காதோடு காதாகச் சொன்னார். மூன்றாவது ஜோடி ஆரம்பிக்கும்போது மகள் எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டி. நடித்துக்கொண்டிருந்த இருவரும் ஒரு நொடி நின்றார்கள், அப்புறம் தொடர்ந்தார்கள். காட்சி பாதி போனபோது அவர் திரும்பிப் பார்த்தார்.

பரிசா, நிதியா

அவர் பெயரில் விருது வைக்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வைக்கலாம், ஆனால் வருடா வருடம் நடத்த ஆளும் பணமும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடம் நடந்து நின்றுபோன விருது பார்க்கச் சங்கடமாக இருக்கும். பணம் சேர்ந்தால் ஒரே ஒரு மாணவரின் பயிற்சிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், வரவு செலவை எழுத்தில் வையுங்கள், பெயரைப் பயன்படுத்தக் குடும்பத்திடம் எழுத்திலேயே அனுமதி வாங்குங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஜெர்மன் நாடக உலகில் இஃப்லாண்ட் மோதிரம் என்று ஒன்று உண்டு. வைத்திருக்கும் நடிகர் தனக்குப் பிறகு யாருக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போவார். புரூனோ கான்ஸ் 2019-இல் இறந்தபோது அது அவர் எழுதிவைத்தபடி யென்ஸ் ஹார்ட்ஸருக்குப் போனது. விழாக்குழு இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, ஒரு பொருள் கை மாறுகிறது, அவ்வளவுதான். உங்கள் ஆசிரியரிடமும் அப்படி ஒரு பொருள் இருந்திருக்கும், வருகைப் பதிவேடு, விசில், சால்வை, ஏதோ ஒன்று. குடும்பம் மனமுவந்து கொடுத்தால், மாணவர்களில் இப்போது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பவர் ஒருவரிடம் அதைக் கொடுங்கள். நன்றாக நடிப்பவரைவிடச் சொல்லிக்கொடுப்பவர்தான் இதற்குச் சரி. அலமாரியில் வைக்காமல் பயன்படுத்த வேண்டும், பின்னால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள்.

சாரின் நாற்காலி இப்போது அவருடைய மாணவி ஒருவரின் வகுப்பில் இருக்கிறது. உட்காரும் பலகைக்கு அடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறோம், யாரிடம் எந்த வருடத்திலிருந்து என்று எழுத. இரண்டு பெயர் இருக்கிறது, கீழே நிறைய இடம் விட்டிருக்கிறோம்.